சாவி வரும்வரை

அலுவலகக் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. காலை ஒன்பதே முக்கால். சாவி இரண்டு உண்டென்று டேங்க் ஆப்பரேட்டர் சொன்னார். ஒன்று கிளார்க்கிடம். அவருக்குப் பக்கத்து ஊராட்சியும் கூடுதல் பொறுப்பு. யூனியன் ஆபீசில் மீட்டிங் முடிந்தால்தான் வருவார். இன்னொன்று தூய்மைக் காவலர் அக்காவின் இடுப்பில். அந்தச் சாவி குப்பை வாங்கும் பேட்டரி வண்டியோடு தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் போனது வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு. அப்பா பெயரில் இருக்கும் வரியை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். பையில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய ரசீது எல்லாம் இரண்டிரண்டு நகல். எந்த ஊராட்சி என்று சொல்லவில்லை. பென்னாகரம் பக்கம் என்பதோடு விடுகிறேன். தர்மபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள். எந்த ஊர்க்காரர் படித்தாலும் தன் ஊர் என்றுதான் நினைக்கப்போகிறார்.

கிராம சபை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. 2024 அக்டோபர் 2 என்று தேதி போட்ட பேனர் ஒரு முனை அவிழ்ந்து, காற்று வரும்போதெல்லாம் காந்தியின் முகத்தை மடித்து மடித்து விரித்தது. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் சேர்கள் திருப்பித் தரப்படாமல் வராந்தாவில் அடுக்கியிருந்தன. சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் நேர் எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் மேல்நிலைத் தொட்டி. தூணில் ‘கொள்ளளவு 30,000 லிட்டர்’ என்று நீலத்தில் எழுதி, அதன் கீழே சுத்தம் செய்த நாளை அழித்து அழித்து எழுதியதில் பெயின்ட் மேடு தட்டியிருந்தது. ஆப்பரேட்டர் அப்போதுதான் மோட்டார் அறையிலிருந்து வந்திருந்தார். “ஒரு மணி நேரம் ஓடுனா ரொம்பிடும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, டிவிஎஸ் எக்ஸெல்லை நிழலில் நகர்த்தினார். மோட்டாரின் ரீங்காரம் கொஞ்ச நேரம் காதில் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஏற்கெனவே நான்கு பேர் காத்திருந்தார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பெரியவர். அது வி.ஏ.ஓ. ஆபீசில் கேட்க வேண்டியது என்று என் கண்முன்னாலேயே மூன்று பேர் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். “அவரும் வரல” என்றார் பெரியவர். அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நூறு நாள் வேலை ஜாப் கார்டில் பெயர் பிழை திருத்த வந்த இரண்டு பெண்கள். ஒருத்திக்கு ஐம்பது இருக்கும், இன்னொருத்திக்கு முப்பத்தைந்து. மூத்தவளோடு ஒரு பேத்தி. பத்து வயது, காலாண்டு விடுமுறை. கிளார்க்குக்குக் கம்ப்யூட்டர் வேலையில் ஒத்தாசை செய்யும் டிப்ளமோ முடித்த பையன் கடைசியாக வந்தான். சாவி இல்லை என்று தெரிந்ததும் அவன் முகத்தில் வந்தது ஏமாற்றமில்லை, நிம்மதி. அடுக்கிலிருந்து ஒரு சேரை உருவிப் போட்டு, அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்து, பாட்டிலில் போனைச் சாய்த்தான்.

“ண்ணா, நம்ம ஆபீஸ் மாதிரியே ஒரு படம் வந்திருக்கு. பாக்குறீங்களா?”

படம் இல்லை, தொடர். ‘தலைவெட்டியான் பாளையம்’. இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 20 அன்று அமேசான் பிரைமில் வந்தது. எட்டு அத்தியாயம். பையன் முதல் அத்தியாயத்தைத் தட்டினான். எல்லோரும் வராந்தாத் திண்டில் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்தார்கள். அவர்களுக்கு முதுகுப்பக்கம் சாலையும் டேங்கும், எதிரே நான். போன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. எனவே அந்த அரை மணி நேரச் சொச்சத்தில் நான் பார்த்தது தொடரை அல்ல, ஆறு முகங்களை.

கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். இந்தியில் ‘பஞ்சாயத்’ என்று 2020 ஏப்ரல் 3 அன்று வந்ததன் தமிழாக்கம் இது. ஊரடங்கு தொடங்கிப் பத்தாவது நாள். நாடே வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தபோது, பூட்டிக் கிடக்கும் ஓர் ஆபீசைப் பற்றிய கதை. உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் புலேரா என்றொரு ஊர். நல்ல வேலை கிடைக்காத நகரத்துப் பட்டதாரி ஊராட்சிச் செயலராக வந்து இறங்குகிறான். ஆபீஸ் பூட்டியிருக்கிறது. சாவியை வைத்திருந்தவர் காலையில் வயல்பக்கம் ஒதுங்கப் போன இடத்தில் எங்கோ விட்டுவிட்டார். முதல் அத்தியாயம் பெரும்பாலும் அந்தச் சாவிதான். வேறு எதுவும் நடக்காது. ஆனால் அந்த ஊரில் அதிகாரம் யாரிடம், வேலை யாரிடம், அவசரம் யாருக்கு, யாருக்கு அவசரமே கிடையாது என்பதெல்லாம் அந்தப் பூட்டைச் சுற்றியே தெரிந்துவிடும்.

ஆபீஸ் நகைச்சுவைத் தொடர்களின் முதல் அத்தியாயத்தில் புதிதாக ஒருவர் வந்தே ஆக வேண்டும். அவருக்குச் சுற்றிக் காட்டும் சாக்கில் நமக்கும் சுற்றிக் காட்டிவிடுவார்கள். 2001-ல் பிபிசி ‘தி ஆபீஸ்’ தொடரைத் தொடங்கியபோது ஒரு தற்காலிக ஊழியனுக்கு மேலாளர் இடத்தைக் காட்டினார். 2005-ல் அமெரிக்காக்காரர்கள் அதையே ஏறக்குறைய வசனம் மாறாமல் எடுத்து, அங்கும் ஒரு தற்காலிக ஊழியனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம் நாட்டில் அதே 2001-ல் சப் டிவியில் வந்த ‘ஆபீஸ் ஆபீஸ்’ மட்டும் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் நின்றது. பங்கஜ் கபூர் நடித்த முசத்திலால் ஒவ்வொரு வாரமும் ஒரு காகிதத்தோடு ஓர் ஆபீசுக்குப் போய் அல்லாடுவார். அந்தக் கணக்கில் இந்த வராந்தாவின் முசத்திலால் நான்தான். பையிலிருந்த இரண்டிரண்டு நகலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

போனிலிருந்து பஸ் இரைச்சல் கேட்டது. பிறகு ஓர் இளைஞனின் அலுத்த குரல். செயலராக நடிக்கும் அபிஷேக் குமார். நகரத்தில் இந்தக் கட்டத்துக்குச் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஆப்பரேட்டர் கேட்டார்: “பர்மனென்ட்டா?” பையன் ஆமாம் என்றான். “அப்புறம் என்னத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கான்?” கேள்வி நியாயமானது. கேட்டவர் காலையும் மாலையும் மோட்டார் போட்டு, வால்வு திருப்பி, தெருத்தெருவாகத் தண்ணீர் விடுபவர். அவர் உத்தியோகத்துக்குப் ‘பர்மனென்ட்’ என்ற சொல் இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்து சேத்தனின் குரல். ஆப்பரேட்டர் நிமிர்ந்தார். “இவரு அந்த விடாது கருப்புல வந்தவரு இல்ல?” அவருடைய ஞாபகம் சரி. சேத்தனும் தேவதர்ஷினியும் ‘மர்மதேசம் – விடாது கருப்பு’வில் நடித்தவர்கள், பிறகு நிஜத்திலும் தம்பதி. அதை இயக்கிய நாகாதான் இதையும் இயக்கியிருக்கிறார். தொண்ணூறுகளில் ஊர் முழுக்க விளக்கை அணைத்துக்கொண்டு பயந்து பார்த்த தொடர் அது. அதே முகங்கள் இப்போது ஒரு பாட்டிலில் சாய்ந்து நிற்கும் ஆறங்குலத் திரைக்குள் இருந்தன.

இதில் தேவதர்ஷினி ஊராட்சித் தலைவர். சேத்தன் அவர் வீட்டுக்காரர். ஆட்சி யார் கையில் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தியில் இதற்குப் ‘பிரதான்-பதி’ என்று பெயரே உண்டு. நம் பக்கம் தனிப் பெயர் வைக்கவில்லை. அவரையும் ‘தலைவரே’ என்று கூப்பிட்டுவிடுகிறோம், வேலை முடிந்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் இந்த ஊராட்சியும் பெண்களுக்கான இடம். சுவரில் தலைவரின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே செல் நம்பர். நம்பர் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் தானே தலைவர் என்பதுபோல் பேசும் கட்டம் வந்திருக்க வேண்டும். மூத்தவளும் இளையவளும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதுவரை போனைவிட்டு எடுக்காத கண்கள். மூத்தவள் சட்டென்று முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. இளையவள் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். பேத்தி மட்டும் பளிச்சென்று வாய் திறந்து சிரித்தது. அதற்கு என்ன புரிந்ததோ, பாட்டி சிரித்ததால் சிரித்தது.

அந்த வாய் பொத்தலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் வெட்கம் என்று நினைப்பார்கள். வெட்கம்தான், ஆனால் காரணம் வேறு. இந்த மண்ணின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்பது கணக்கு. இங்கே பல ஊர்களின் போர் தண்ணீர் அதைத் தாண்டியது. வளர்கிற வயதில் அதைக் குடித்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டு விழும், பிறகு பழுப்புக் கோடு. விளக்கினால் போகாது. பெண் பார்க்க வருபவர்கள் முன் வாயைத் திறக்காமல் இருந்தவர்கள், கல்யாண போட்டோவில் உதட்டைச் சேர்த்து நின்றவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக முடிந்து, 2013 மே 29 அன்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திறக்கப்பட்டது. பேத்தி அதற்குப் பிறகு பிறந்தவள். அவள் பல்லில் கோடில்லை. இரண்டு கைகளும் மடியில் கிடக்க, அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேட்டரி வண்டியின் மணிச் சத்தம். தூய்மைக் காவலர் அக்கா வந்துவிட்டார். கையுறையைக் கழற்றி வண்டியில் போட்டார். போனுக்குள் சாவி தேடிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. “அங்க விட்டிருப்பான், இங்க விட்டிருப்பான்” என்று பெரியவர் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, தாழ்ப்பாளை நீக்கி, கதவை ஒருக்களித்தும் வைத்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இதற்காகத்தான் ஒரு மணி நேரமாக எல்லோரும் காத்திருந்தோம். அக்காவும் உள்ளே போகவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நின்றவாக்கில் எட்டிப் பார்த்தார்.

“என்னா தேடறாங்க?”

“சாவி.”

“இந்நேரம் குப்பைல போயிருக்கும். நேத்துகூட ஒரு வூட்டுக் கொத்துச் சாவிய எடுத்துக் குடுத்தேன்.”

அதன் பிறகு கிளார்க் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பையனை ஒரு முறை முறைத்தார். “யூனியன்ல அறிக்கை கேட்டுக் குதிக்கறானுங்க. இங்க சினிமாவா?” என்றவர், என்ன சினிமா என்று குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிக்கொண்டார்.

அவர் கழுத்தில் அடையாள அட்டை நாடா. அதில் ஆபீஸ் சாவி, பீரோ சாவி, பைக் சாவி, கூடவே பென்டிரைவ் போல ஒன்று. அது பென்டிரைவ் அல்ல. நிதிக்குழு மானியத்தில் ஒரு ரூபாய் வெளியே போக வேண்டுமென்றாலும் கம்ப்யூட்டரில் செருக வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து. தலைவருடையது. காசோலை என்றால் தலைவரும் துணைத் தலைவரும் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காவது தலைவர் வீட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது. இது கொத்திலேயே தொங்குகிறது. இளையவளின் கண் அந்த நாடாவின் மேல் ஒரு நொடி நின்று போனுக்குத் திரும்பியது. அவள் எதை நினைத்துப் பார்த்தாளோ, நான் பார்த்தது இதைத்தான்.

போனுக்குள் பூட்டை உடைக்கலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. இந்த இடத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். இந்தியில் பார்த்தபோது வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இங்கே வராந்தாவே நெற்றியைச் சுருக்கியது.

“உடைக்கக் கூடாது” என்றார் கிளார்க். தொடரில் வரும் செயலரிடமே சொல்வதுபோல் இருந்தது. “உள்ள மினிட் புக்கு இருக்கு, செக் புக்கு இருக்கு, ரசீது புக்கு இருக்கு. நாளைக்கு ஆடிட்ல ஒரு ரசீது குறைஞ்சா உடைச்சவன் தலைலதான் விழும்.”

“சாவியே இல்லன்னா என்னா பண்றது சார்?” என்றான் பையன்.

“தலைவருக்கு எழுதிக் குடுக்கணும். நாலு பேர வெச்சு உடைச்சு, அதுல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கணும்.” கொஞ்சம் யோசித்தார். “புதுப் பூட்டு வாங்குன பில்ல எந்தக் கணக்குல வெக்கிறதுங்கறது தனி.”

பெரியவர் தலையாட்டினார். ஆப்பரேட்டரும் தலையாட்டினார். எவரும் விளையாட்டுக்குப் பேசவில்லை. தொடரை எழுதியவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு அத்தியாயம் கூடுதலாக எழுதியிருப்பார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். டேங்கின் உச்சியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் வாயில் ஒரு நூல். வெயில் பட்டு மினுங்கியது. முதலில் சிலந்தி நூல் என்றுதான் தோன்றியது. நூல் தடித்தது, காற்றில் லேசாக வளைந்தது. மோட்டாரின் ரீங்காரம் மறுபடி காதில் விழுந்தது. அது நிற்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சொல்லியிருக்கலாம். “ஆப்பரேட்டர், தண்ணி” என்று இரண்டு சொல். வாயைத் திறக்கவும் செய்தேன். ஆனால் கிளார்க் அந்த நேரம் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றினார். பூட்டு விவகாரம் எப்படியோ முடிந்து, புது ஆள் ஆபீசுக்குள் போய்விட்டான் போலும்; போனிலிருந்து பேச்சு நின்று மெல்லிய இசை மட்டும் கேட்டது. கதைப்படி அவனுக்குத் தங்குமிடமும் அந்த ஆபீஸ்தான். கிளார்க்கின் முகத்தில் இருந்த யூனியன் ஆபீஸ் கடுகடுப்பு எங்கோ போய்விட்டது. நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய சிவப்புக் கோடு. “சேர்ந்த புதுசுல எனக்கும் மலை மேல ஒரு ஊராட்சி கூடுதலா குடுத்தாங்க” என்றார், யாரையும் பார்க்காமல். “சாயங்காலம் பஸ்ஸ விட்டா ஆபீஸ்லயேதான். டேபிளச் சேத்துப் போட்டு...” அதற்கு மேல் சொல்லவில்லை. கைப்பிடி தேய்ந்த பையைத் தோளிலிருந்து இறக்கிக் காலருகே வைத்தார். அந்த முகம் இன்னும் ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. என் கண் டேங்குக்குப் போயிற்று, திரும்பி அவர் முகத்துக்கு வந்தது. மறுபடி போயிற்று. நூல் கயிறாகிவிட்டிருந்தது.

“பாட்டி, மழை” என்றது பேத்தி. சத்தத்தை வைத்துச் சொல்லியிருக்கிறது.

எல்லோரும் திரும்பினார்கள். குழாயிலிருந்து கைத்தடிமனுக்குத் தண்ணீர் கொட்டி, தூணில் அடித்து, நீல எழுத்துகளை நனைத்து, சாலையோரப் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. “ஐயய்யோ” என்று எழுந்த ஆப்பரேட்டரின் கால் பட்டுச் சேர் ஆடியது. பாட்டில் உருள, போன் குப்புற விழுந்தது. எக்ஸெல் ஸ்டார்ட் ஆகவில்லை. விட்டுவிட்டு ஓடினார். அக்கா பேட்டரி வண்டியிலிருந்து இரண்டு காலி வாளிகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். எதிர்வீட்டிலிருந்து குடத்தோடு ஒருத்தி வந்தாள். இளையவள் வெறும் கையோடு சாலையைக் கடந்து, போன வேகத்தில் கொட்டும் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டாள்.

மோட்டார் நின்றது. ஊர் திடீரென்று அமைதியானதுபோல் இருந்தது. சாரல் கொஞ்ச நேரம் சொட்டி ஓய்ந்தது. கிளார்க் உள்ளே போய் ஃபேன் போடும் சத்தம் கேட்டது. பையன் போனைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பார்த்தான். அடுத்த அத்தியாயம் தானாகவே ஓடத் தொடங்கியிருந்தது.

ஆப்பரேட்டர் வேட்டி நுனி நனைந்து திரும்பி வந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார், “ஒகேனக்கல் தண்ணி. போச்சு.”

மூத்தவள் பேத்தியின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டிருந்தாள். பெஞ்சையும் டேங்கையும் ஒரு முறை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னை.

“நீங்க இந்தப் பக்கம் பாத்துத்தானே சார் உக்காந்திருந்தீங்க?”